கூர் இருந்தும் மரத்தில் இறங்காத இழைப்புளி: பிளேடின் கோணத்தைச் சரிசெய்தது

பழைய சாமான் கடையில் வாங்கிய ஐந்தாம் நம்பர் இரும்பு இழைப்புளி. பிளேடைக் கழற்றிக் கையில் இழுத்துப் பார்த்தால் முடியை மழிக்கிறது, கூருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தேக்குப் பலகையில் வைத்துத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகிறது. திருகைச் சுற்றி பிளேடைக் கொஞ்சம் இறக்கினால் அப்போதும் வழுக்கல்தான், இன்னும் கொஞ்சம் இறக்கினால் திடீரென்று கடித்து, கடகடவென்று அதிர்ந்து, பலகையில் குறுக்குக் குறுக்காக வரி விழுகிறது. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய சீவல் சீராக வரும் நிலை ஒன்று இருக்க வேண்டுமே, அது மட்டும் கிடைக்கவில்லை.

இப்படி வழுக்கினால் 'கூர் போதவில்லை' என்று பிளேடை மறுபடி கல்லுக்குக் கொண்டுபோவதுதான் வழக்கம். இந்த மாதிரி பிளேடில் அப்படித் தேய்க்கத் தேய்க்க நிலைமை இன்னும் மோசமாகத்தான் ஆகும். இங்கே குறை கூரில் இல்லை, கோணத்தில் இருக்கிறது. அதனால் கல்லைத் தொடுவதற்கு முன்னால் அளந்து பார்க்க வேண்டும்.

பிளேடின் சரிவில், அதாவது கூர்முனைக்காகச் சாய்வாகத் தேய்த்த பரப்பில், கோணமானி வைத்து அளப்பது நடக்காத வேலை, மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள பரப்பில் கோணமானி எங்கே உட்காரும்? பள்ளிக்கூடத்தில் படித்த சைன் கணக்குப் போதும். பிளேடின் கனத்தைச் சரிவின் நீளத்தால் வகுத்தால் கோணத்தின் சைன் வந்துவிடும். 30 டிகிரிக்குச் சைன் சரியாக அரை, அதனால் சரிவின் நீளம் கனத்தைப்போல் இரண்டு மடங்கு இருந்தால் 30 டிகிரி. 25 டிகிரி என்றால் 2.37 மடங்கு, 35 என்றால் 1.74 மடங்கு. இந்த மூன்று எண்களை வேலை மேசைக்கு மேலே சுவரில் எழுதி வைத்திருக்கிறேன், இதற்குமேல் கணக்குத் தேவைப்படுவதில்லை.

இந்தப் பிளேடின் கனம் 2 மி.மீ. சரிவின் நீளம் வெர்னியரில் 3 மி.மீ. 2-ஐ 3-ஆல் வகுத்தால் 0.667, அதாவது கிட்டத்தட்ட 42 டிகிரி. அதுவும் சராசரிதான். ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பைச் சரிவின்மேல் வைத்து வெளிச்சத்துக்குக் காட்டினால் நடுவில் தொட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் வெளிச்சம் தெரிகிறது, சரிவு தட்டையாக இல்லாமல் வயிறு தள்ளியிருக்கிறது. அப்படியென்றால் நுனியில் கோணம் 42-ஐயும் தாண்டியிருக்கும். முன்பு வைத்திருந்தவர் பல வருஷம் வெறும் கையால் தீட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன். சீக்கிரம் பிசிறு (தீட்டும்போது முனையின் மறுபக்கம் எழும் மெல்லிய இரும்பு விளிம்பு) எழவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கை தானாக ஒரு பொட்டு மேலே தூக்கும், அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து இந்த இடத்துக்கு வந்து நிற்கும்.

சரி, 42 டிகிரி இருந்தால் என்ன கெட்டுப்போயிற்று? இந்த வகை இழைப்புளியில் பிளேடு படுத்திருக்கும் மேடை, ஃப்ராக் என்பார்கள், 45 டிகிரியில் இருக்கிறது. லியோனார்ட் பெய்லி வடிவமைத்து, 1869-ல் ஸ்டான்லி கம்பெனி வாங்கிக்கொண்ட அமைப்பு இது, இன்று இந்தியாவில் கிடைக்கும் இரும்பு இழைப்புளிகளும் பெரும்பாலும் அதே அச்சுத்தான். பிளேடு சரிவுப் பக்கம் கீழே பார்க்கும்படி படுக்கிறது. மரத்துக்கும் சரிவுக்கும் நடுவில் எஞ்சும் இடைவெளிக் கோணம், 45-லிருந்து சரிவின் கோணத்தைக் கழித்தால் வருவது. 30 டிகிரிக்குத் தீட்டியிருந்தால் 15 டிகிரி இடைவெளி. 42-க்கு வெறும் 3. நுனி உருண்டு 45-ஐத் தொட்டுவிட்டால் இடைவெளியே கிடையாது.

மரம் கல் மாதிரி அசையாத பொருள் இல்லை. கூர்முனை அழுத்தும்போது நார்கள் கொஞ்சம் அமுங்கும், முனை தாண்டிப்போனதும் மறுபடி மேலே எழும். அப்படி எழுவதற்குப் பின்னால் இடம் வேண்டும். இல்லையென்றால் எழுந்த மரம் சரிவின் அடியில் முட்டி இழைப்புளியையே மேலே தூக்கிவிடும், அதுதான் அந்த வழுக்கல். நாம் பிளேடை இறக்கி, அழுத்தி, ஒரு கட்டத்தில் அந்த எதிர்ப்பைத் தாண்டும்போது முனை ஒரேயடியாக ஆழமாக இறங்கிக் கடிக்கும், மறுகணம் மறுபடி தூக்கும், அதுதான் அதிர்வும் குறுக்கு வரியும். என் கணக்கில் 10 டிகிரி இடைவெளிக்குக் கீழே போகவே கூடாது, 12-க்கு மேல் இருந்தால் நிம்மதி. அதாவது 45 டிகிரி மேடையில் சரிவு 33 வரை வைக்கலாம், 35 கடைசி எல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். 'மரம் கெட்டியாக இருந்தால் கோணத்தைக் கூட்டு' என்று சொல்வது உண்டு. கூட்டினால் முனை தடித்து, சீக்கிரம் உதிராமல் நிற்கும், அது உண்மை. ஆனால் சரிவு கீழே பார்க்கும் பிளேடில், மரத்தைச் சந்திக்கும் முகம் பிளேடின் தட்டையான மேல் பக்கம். அது மேடையைப் போலவே 45-ல்தான் நிற்கும், சரிவை 25 வைத்தாலும் 33 வைத்தாலும் வெட்டும் கோணம் ஒரு டிகிரிகூட மாறாது. அதனால் எதிர் ரேகையில், அதாவது நார் ஓடும் திசைக்கு எதிராக இழைக்கும்போது, நார் பேர்த்துக்கொண்டு வருவதற்குச் சரிவை மாற்றுவது மருந்தே அல்ல. கைக்கு அடங்கும் சின்ன பிளாக் பிளேன் வேறு கதை, அதில் சரிவு மேலே பார்க்கும். தாழ்ந்த வகையில் மேடை 12 டிகிரி, பிளேடு 25 என்றால் வெட்டும் கோணம் 37, பிளேடை 38-க்குத் தீட்டினால் 50. அங்கே நாம் வைக்கிற ஒவ்வொரு டிகிரியும் நேராக மரத்தில் தெரியும்.

அப்புறம் வேலைக்கு வருவோம். முதல் சரிவு 25 டிகிரி, அதன் நுனியில் ஒரு மெல்லிய பட்டையாக 30 டிகிரியில் இரண்டாம் சரிவு, இதுதான் திட்டம். முழுச் சரிவையும் 30-ல் வைத்தாலும் இழைப்புளி வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு தடவையும் 4 மி.மீ. அகலப் பரப்பு முழுவதையும் கல்லில் தேய்க்க வேண்டியிருக்கும், அரை மி.மீ. பட்டையைத் தேய்ப்பதற்கும் இதற்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம். வேலை நடுவில் எழுந்து போய்த் தீட்டச் சோம்பல் வராமல் இருக்க வேண்டுமானால் தீட்டுவது சீக்கிரம் முடிய வேண்டும்.

42-லிருந்து 25-க்குக் கொண்டுவர எவ்வளவோ இரும்பு போக வேண்டும், அதற்குச் சாணை மெஷின்தான். என்னிடம் இருப்பது ஆறு அங்குலச் சக்கரம், நிமிஷத்துக்கு 2850 சுற்று. இந்த வேகத்தில் மெல்லிய முனை ஒரு நொடியில் நீலம் பாய்ந்துவிடும், நீலம் வந்துவிட்டால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம், எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது, நீலத்தைத் தாண்டி அறுத்தெடுக்க வேண்டியதுதான். அதைத் தவிர்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. முதலில் இருக்கிற கூரையே சக்கரத்தில் நேராகக் குத்தி மழுங்கடித்துவிட வேண்டும், விளிம்பு பிளேடுக்குச் செங்குத்தாக ஒரு தட்டையான கோடாக நிற்கும். மூலைமட்டம் வைத்து அந்தக் கோடு பக்கவாட்டுக்கு நேராக இருக்கிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ளலாம். அதன் பிறகுதான் 25 டிகிரிச் சரிவைப் பிடிக்க வேண்டும். விளிம்பு தடிமனாக இருப்பதால் சூடு உள்ளே பரவ இடம் இருக்கிறது, கடைசியில் முடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு மிச்சம் இருக்கும்போது சக்கரத்தை நிறுத்திவிட வேண்டும். மிச்சத்தைக் கல் பார்த்துக்கொள்ளும்.

சாணையில் பிளேடைத் தாங்கும் ரெஸ்ட்டை 25-க்கு வைக்க ஒரு அட்டை வார்ப்புரு வெட்டிக்கொண்டேன். அடிப்பக்கம் 100 மி.மீ., அதன் ஒரு முனையில் செங்குத்தாக 46.6 மி.மீ., இரண்டையும் இணைத்தால் 25 டிகிரி. 30-க்கு அந்த உயரம் 57.7. சக்கரம் வளைவாக இருப்பதால் அட்டையை வைத்துப் பார்ப்பது உத்தேசம்தான். கொஞ்சம் சாணை பிடித்து, சரிவின் நீளத்தை அளந்து, 2 மி.மீ. கனத்துக்கு 4.7 மி.மீ. வருகிறதா என்று பார்த்து, குறைந்தால் ரெஸ்ட்டைக் கொஞ்சம் சாய்த்து, இப்படித்தான் சரியான இடத்துக்கு வந்தது. பக்கத்தில் ஒரு மக் தண்ணீர். பிளேடைப் பிடிக்கும் விரல் முனைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், கையுறை வேண்டாம், விரலுக்குச் சுடுகிறது என்றால் உடனே தண்ணீரில் முக்க வேண்டும். கண்ணாடி மட்டும் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள், பறக்கிற பொறி கண்ணுக்குள் போனால் விளையாட்டு இல்லை.

வட்டச் சக்கரத்தில் பிடித்தால் சரிவு உள்ளே குழிந்து முனை பலவீனமாகிவிடும் என்று ஒரு பயம் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 150 மி.மீ. விட்டமுள்ள சக்கரம், 4.7 மி.மீ. நீளச் சரிவு, குழியின் ஆழம் 0.04 மி.மீ.க்கும் குறைவு. இதனால் முனை உடையப்போவதில்லை. மாறாக இந்தக் குழியால் ஒரு வசதி உண்டு, பிளேடைக் கல்லில் வைத்தால் சரிவின் குதியும் நுனியும் மட்டும் தொடும், கையாலேயே கோணம் 'டக்' என்று உட்காருவது தெரியும்.

கல்லில் தீட்டும்போது பிளேடைக் கோணம் மாறாமல் பிடிக்க, அடியில் உருளை வைத்த கைடு ஒன்றைப் பயன்படுத்துகிறேன், பழைய எக்லிப்ஸ் கம்பெனி மாதிரியின் நகல். கைடின் முன் விளிம்பிலிருந்து பிளேடு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் கோணத்தைத் தீர்மானிக்கும். இழைப்புளி பிளேடுக்கு 50 மி.மீ. நீட்டினால் 25 டிகிரி, 38 மி.மீ. நீட்டினால் 30. உளிக்கு அதே கைடில் 40-ம் 30-ம், உளி கீழே உள்ள தாடையில் உட்காருவதால் இந்த வித்தியாசம். ஒவ்வொரு தடவையும் ஸ்கேல் பிடித்து அளப்பதற்குப் பதிலாக ஒரு பிளைவுட் துண்டில் விளிம்பிலிருந்து 38-லும் 50-லும் சின்னக் கட்டைகளை ஒட்டிவைத்துவிட்டேன். கைடைப் பலகையின் விளிம்பில் முட்டவைத்து, பிளேடைக் கட்டையில் இடிக்கும்வரை நீட்டி, திருகை இறுக்கினால் முடிந்தது.

நகல் கைடுகளில் தாடையின் உயரமும் உருளையின் அளவும் ஒன்றுக்கொன்று வேறுபடும், அதனால் 38 நீட்டினால் 30-தான் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். காந்தத்தில் ஒட்டும் டிஜிட்டல் கோணமானி கிடைத்தால் கல்லின்மேல் வைத்துப் பூஜ்யமாக்கி, அப்புறம் பிளேடின் முதுகில், அதாவது சரிவு இல்லாத தட்டைப் பக்கத்தில், ஒட்டிப் பார்க்கலாம். என் கைடில் காட்டியது முப்பதரை. அதை நான் திருத்தவில்லை. 30-ஆ முப்பதரையா என்பது மரத்துக்குத் தெரியாது. நாளைக்குத் தீட்டும்போதும் அதே முப்பதரை வருகிறதா, அதுதான் முக்கியம். வந்தால் முன்பு தீட்டிய அதே பட்டையிலேயே கல் படும், பிசிறு சீக்கிரம் எழும். ஒரு டிகிரி குறைந்தால்கூட கல் பட்டையின் பின்பக்கத்தைத்தான் தேய்க்கும், நுனியைத் தொடாது. ஒரு டிகிரி கூடினால் நுனி தீட்டப்படும், ஆனால் அந்தக் கூட்டல் அப்படியே அடுத்த முறைக்கும் சேர்ந்து, கடைசியில் நாம் ஆரம்பித்த அதே 42-ல் கொண்டுபோய் நிறுத்தும்.

கல் தட்டையாக இல்லாவிட்டால் இத்தனை அளவும் வீண். ஹார்டுவேர் கடையில் கார்போரண்டம் கல் என்று கேட்டால் கொடுப்பார்களே, ஒரு பக்கம் கரடும் மறுபக்கம் நைஸுமாக, அது நாளாக ஆக நடுவில் குழிந்துவிடும். குழிந்த கல்லில் கைடு உருளும்போது உருளை ஓர் உயரத்திலும் முனை இன்னோர் உயரத்திலும் இருக்கும், கோணம் ஒவ்வோர் இழுப்பிலும் ஆடும். சிமென்ட் தரையில் மணலும் தண்ணீரும் போட்டுக் கல்லைக் கவிழ்த்துத் தேய்த்தால் தட்டையாகிவிடும், பழைய முறைதான், நன்றாகவே வேலை செய்கிறது. கல்லின்மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டால் எல்லாக் கோடும் அழியும்வரை தேய்க்கலாம்.

இரண்டாம் சரிவுக்கு நைஸ் பக்கத்தில் மண்ணெண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் கலந்து விட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். சரிவில் மார்க்கரால் கறுப்புப் பூசிக்கொண்டால் கல் எங்கே தொடுகிறது என்று ஓரிரு இழுப்பிலேயே தெரியும், நுனியில் மட்டும் கறுப்பு அழிந்தால் கோணம் சரி. விரலைப் பிளேடின் முதுகிலிருந்து நுனியை நோக்கி நகர்த்தினால் பிசிறு தட்டுப்பட வேண்டும், ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை இடைவெளி இல்லாமல். பிசிறு எழாத இடத்தில் கூர் இல்லை, அங்கே இன்னும் முனைவரை கல் போகவில்லை என்று பொருள். பிசிறு முழு நீளத்துக்கும் வந்த பிறகுதான் அடுத்த நிலை: கண்ணாடித் தகட்டில் ஒட்டிய வாட்டர் பேப்பர், முதலில் ஆயிரம் நம்பர், பிறகு இரண்டாயிரம். கடைசியாகத் தோல் ஒட்டிய பலகையில் பச்சை பாலிஷ் கட்டி தடவி நாலைந்து இழுப்பு, அதுவும் பின்னோக்கி மட்டும். தோலில் அழுத்தித் தேய்த்தால் தோல் அமுங்கி முனையைச் சுற்றி எழும், முனை மறுபடி உருண்டுவிடும், அவ்வளவு பாடுபட்டு எடுத்த வயிறு திரும்ப வந்துவிடும்.

முதுகுப் பக்கத்தை மறக்கவே கூடாது. கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கிற கோடு, ஒன்று மட்டும் மின்னிப் பயனில்லை. இந்தப் பிளேடின் முதுகில் துருக்குழிகள் இருந்தன, முழுவதையும் தட்டையாக்கினால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். இங்கிலாந்தின் டேவிட் சார்ல்ஸ்வொர்த் என்ற மரவேலை ஆசான் பரப்பிய ஒரு முறை கை கொடுத்தது. அரை மி.மீ. கனமுள்ள ஸ்டீல் ஸ்கேலைக் கல்லின் ஒரு நீள ஓரத்தில் படுக்கவைத்து, பிளேடின் முதுகை அதன்மேல் சாய்த்து, நுனியை எதிர் ஓரத்தில் தேய்ப்பது. சாய்வு அரை டிகிரியை ஒட்டித்தான், ஆனால் நுனியில் ஒரு சின்னப் பட்டை மட்டும் கண்ணாடிபோல் ஆகிவிடும். இழைப்புளிக்கு இது போதும். உளிக்கு இதைச் செய்யாதீர்கள், உளியின் முதுகு மரத்தில் படுத்து வழிகாட்ட வேண்டியது, அது முழுத் தட்டையாகவே இருக்க வேண்டும்.

பிளேடின்மேல் பொருத்தும் மேல் தகட்டையும் அதே கல்லில் கொஞ்சம் பார்த்தேன். அதன் விளிம்பு பிளேடோடு இடுக்கில்லாமல் உட்கார வேண்டும், இடுக்கு இருந்தால் சீவல் அங்கே போய்ச் சொருகி வாய் அடைத்துக்கொள்ளும். எதிர் ரேகைப் பிரச்சினைக்கு உண்மையான மருந்து இந்தத் தகடுதான். ஜப்பானில் யமகதா பல்கலைக்கழகத்தில் கவாய், கட்டோ என்ற இருவர் இதை நெருக்கத்தில் படம்பிடித்தே காட்டியிருக்கிறார்கள். மேல் தகட்டின் விளிம்பை முனையிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஓரிரு பங்கு தூரத்துக்குக் கொண்டுவந்தால் சீவல் நிமிர்த்தி மடக்கப்படுகிறது, முனைக்கு முன்னால் நார் பிளந்து ஓடுவது நிற்கிறது. வேங்கையிலும் வேம்பிலும் ரேகை மாறி மாறிப் பின்னியிருக்கும், அங்கே இதைச் செய்யாமல் சரிவுக் கோணத்தோடு மல்லுக்கட்டுவது நேர விரயம். அதற்கும் அடங்காத பலகை என்றால் முதுகில் 5 அல்லது 10 டிகிரி சரிவு வைக்கலாம், வெட்டும் கோணம் 50 அல்லது 55 ஆகும். ஆனால் தள்ள நிறைய பலம் வேண்டும், அந்தச் சரிவை எடுக்க வேண்டுமானால் பிளேடை மறுபடி சாணைக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கென்று தனி பிளேடு வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாம் மாட்டி, பிளேடை முழுவதும் உள்ளே இழுத்து, தேக்கின்மேல் தள்ளிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். முதலில் ஒரு மூலையில் பொடி, அப்புறம் நூல், பக்கச் சாய்வைச் சரிசெய்ததும் முழு அகலத்துக்கும் சீவல். முன்பு இல்லாமலிருந்த அந்த நடு நிலை இப்போது இருக்கிறது, திருகைக் கால் சுற்றுச் சுற்றினால் சீவலின் கனம் கால் சுற்றுக்குத் தகுந்தபடி மாறுகிறது, வழுக்கலும் இல்லை, கடியும் இல்லை. கையை அழுத்தவே வேண்டியதில்லை. பலகையில் விரலை ஓட்டினால் உப்புத்தாள் எதற்கு என்று தோன்றுகிறது.

தேக்கைப் பற்றி ஒரு விஷயம். அதில் சிலிக்கா இருக்கிறது, அந்த மணல்தான் முனையைத் தின்கிறது. தின்பதும் முனையின் அடிப்பக்கமாகத் தேய்த்துத் தின்கிறது, அதாவது நாம் கணக்குப் பண்ணி வைத்த 15 டிகிரி இடைவெளி நுனியில் தானாகக் குறைந்துகொண்டே வருகிறது. அதனால் பலகையில் பளபளப்பு மங்கி, கை கொஞ்சம் அழுத்த ஆரம்பிக்கும்போதே நிறுத்திவிட்டு 30-ல் சில இழுப்பு இழுத்துவிடுகிறேன். தேக்கு வேலை தொடர்ந்து இருந்தால் கைடுக்கும் கட்டைக்கும் நடுவில் 2 மி.மீ. தகடு ஒன்றை வைத்து 36 மட்டும் நீட்டுகிறேன், கோணம் சுமார் 1 டிகிரி கூடும், முனை கொஞ்சம் அதிகம் தாங்குகிறது. அதற்குமேல் கூட்ட மாட்டேன். தீட்டத் தீட்ட இரண்டாம் சரிவின் பட்டை அகலமாகும். அது சரிவில் பாதியைத் தொட்டால் மறுபடி சாணையில் 25 பிடிக்க வேண்டும்.

மர இழைப்புளி வைத்திருப்பவர்களுக்கு: ஆப்பு அடித்து இறுக்கும் அந்தப் பிளேடுகள் கனமானவை, 4 மி.மீ. கனம் என்றால் 30 டிகிரிக்குச் சரிவு 8 மி.மீ. நீளம் வர வேண்டும். அதே கைடில் அதே 38-க்கு நீட்டினால் 30 வராது, கனம் கூடிய அளவுக்கு முனை மேலே போய்விடுவதால் 30-ஐத் தாண்டிவிடும். 42 மி.மீ. வரை நீட்டி, கோணமானியில் பார்த்து, அந்த இடத்தில் பிளைவுட்டில் இன்னொரு கட்டை ஒட்டிக்கொள்ளுங்கள்.